கடற்சிங்கம் எழுதிய எழுத்து

எழுதுதல் என்பது மனிதனுக்கே உரிய தொழில் என்று நாம் எண்ணிப் பெருமை கொள்கிறோம். கிளி பேசும், குயில் பாடும், மயில் ஆடும், தேனீ கூடு கட்டும். ஆனால், ஏட்டை எடுத்து எழுதும் உயிர் மனிதனையன்றி வேறொன்று உண்டோ என்று கேட்டால், இல்லை என்றே எவரும் விடையிறுப்பர். அவ்விடையைச் சற்றே நின்று ஆராயுமாறு என்னைத் தூண்டியது ஜப்பான் நாட்டுக் காட்சி ஒன்று.

ஜப்பானில் யோக்கோகாமா என்னும் துறைமுக நகரின் தென்பகுதியில், ஹக்கேஜிமா என்ற சிறு தீவு உளது. கடலைத் தூர்த்து மனிதர் உண்டாக்கிய தீவு அது. அங்கே 1993ஆம் ஆண்டில் பெரியதொரு கடல்வாழ் உயிர்க்காட்சிச்சாலை திறக்கப்பெற்றது. அங்குள்ள கடற்சிங்கம் ஒன்று, 2010க்குப் பிந்திய ஆண்டுகளில், புத்தாண்டையொட்டி வாயில் தூரிகையைக் கவ்விக்கொண்டு, கூடியிருந்த மக்கள் முன்னிலையில் சீன எழுத்தொன்றை எழுதிக் காட்டியது. பயிற்சியாளர் அருகே நிற்க, அவ்விலங்கு கழுத்தை வளைத்தும் நிமிர்த்தியும் கறுப்பு மையால் கோடுகளை இழுத்தது. அந்தப் படத்தை நான் பன்முறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் முதலில் வியப்பும், பின்னர்ச் சிந்தனையும் தோன்றின.

இக்காட்சியின் பொருளை உணர வேண்டுமாயின், ஜப்பானியரின் வழக்கமொன்றை அறிதல் வேண்டும். புத்தாண்டு பிறந்தபின் முதன்முதலாகத் தூரிகை பிடித்து எழுதுவதை அவர்கள் 'காக்கிசோமே' என்பர். மரபுப்படி சனவரி 2ஆம் நாள் அதற்குரியது. புத்தாண்டில் முகந்த புதுநீரில் மையை உரைத்து, நல்ல சொல்லொன்றைத் தேர்ந்து எழுதுவது பழைய முறை. பள்ளிச் சிறுவரும் விடுமுறையில் நீண்ட தாள்களில் எழுதிப் பழகுகின்றனர். சனவரி நடுவில் பல ஊர்களில் பெருந்தீ மூட்டி, அவ்வாறு எழுதிய தாள்களை அதில் இடுவதுண்டு. தாள் எரிந்து உயரப் பறந்தால் எழுதியவரின் கையெழுத்து மேன்மையுறும் என்பது அவர்தம் நம்பிக்கை. ஆகவே, அங்கே ஆண்டின் முதல் எழுத்து வெறும் எழுத்தன்று. வரும் ஆண்டில் இவ்வாறு வாழ்வேன் என்று ஒருவன் தனக்குத்தானே செய்துகொள்ளும் உறுதிமொழி அது.

இனி, எழுதப்படும் எழுத்தைப் பார்ப்போம். ஜப்பானியர் சீனரிடமிருந்து எழுத்தைப் பெற்றதுபோலவே, ஆண்டுகளைப் பன்னிரண்டு விலங்குகளால் எண்ணும் முறையையும் பெற்றனர். எலி, எருது, புலி, முயல் என்று தொடங்கும் அவ்வரிசையில் குதிரை ஏழாவது. 2014ஆம் ஆண்டும் 2026ஆம் ஆண்டும் குதிரை ஆண்டுகள். குதிரை ஆண்டைக் குறிக்கும் எழுத்து நான்கே கோடுகளால் ஆனது. குதிரை என்னும் விலங்கைக் குறிக்கும் எழுத்தோ வேறு, பத்துக் கோடுகள் கொண்டது. அந்த நான்கு கோட்டு எழுத்துக்கு மற்றொரு பொருளும் உண்டு. பண்டைக் காலத்தில் ஒரு நாளையும் பன்னிரண்டு கூறாக்கி, இதே வரிசையால் எண்ணினர். அதில் ஏழாவது கூறு உச்சிப்பொழுது. எனவே முற்பகல், பிற்பகல் என்னும் சொற்களை எழுதும்போது ஜப்பானியர் இன்றும் அவ்வெழுத்தையே எழுதுகின்றனர். நான்கு கோடுகளுக்குள் ஒரு விலங்கும், ஓர் ஆண்டும், உச்சி வெயிலும் அடங்கிக் கிடக்கின்றன. அதனைப் படிக்கும் சிறுவனுக்கு இவை யாவும் தோன்றும். கடற்சிங்கத்திற்குத் தோன்றுவன யாவை? முன்னே தாள், வாயில் தூரிகை, அருகில் ஆசான், பின்னர்க் கிடைக்கும் மீன், அவ்வளவே.

இவ்வித்தையை அது எவ்வாறு கற்றது? கடற்சிங்கம் கடல்நாயின் இனத்தைச் சார்ந்தது. ஆயினும் அதற்குப் புறச்செவி உண்டு. முன் துடுப்புகளை ஊன்றி நிமிர்ந்து நிற்கவும் நடக்கவும் வல்லது. கழுத்து நன்கு வளையும். இத்தகைய கடல் விலங்குகளைப் பழக்குவோர் வேண்டிய செயலைச் சிறுசிறு படிகளாகப் பகுக்கின்றனர். முதற்படியில், தூரிகையைத் தொட்டால் போதும். உடனே ஊதல் ஒலிக்கும், மீன் கிடைக்கும். அடுத்த படியில் அதைக் கவ்வ வேண்டும். அதற்கடுத்த படியில் கவ்வியதை விடாது அசைக்க வேண்டும். சரியான செயல் நிகழ்ந்த அந்தக் கணத்தை ஊதல் சுட்டிக் காட்டுகிறது. தவறினால் அடியில்லை, மீன் இல்லை, அவ்வளவுதான். நீரில் வாழும் விலங்கைச் சாட்டையால் பழக்க இயலாது. அடித்தால் அது நீந்தி அப்பால் போய்விடும். எனவே பொறுமையைத் தவிர ஆசானுக்கு வேறு கருவி இல்லை. விலங்கு கற்கும் முன்னர் ஆசான் கற்க வேண்டிய பாடம் இது என்பேன்.

அங்ஙனமாயின், விலங்கு எழுதியது எழுத்தாகுமா? இத்தகைய வினா ஒன்று முன்பும் எழுந்ததுண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செருமனியின் பெர்லின் நகரில் ஹான்ஸ் என்னும் குதிரை இருந்தது. கணக்குக் கேட்டால் குளம்பால் தரையைத் தட்டி அது விடை சொல்லிற்று. ஊரே வியந்தது. ஆஸ்கர் புங்ஸ்ட் என்னும் அறிஞர் அதனை ஆராய்ந்து 1907இல் உண்மையை வெளியிட்டார். கேட்பவருக்கு விடை தெரியாதபோது குதிரைக்கும் விடை தெரியவில்லை. கேட்பவர் தம்மை அறியாமலே செய்த சிறு தலையசைவைக் கண்டே அது தட்டுவதை நிறுத்தி வந்தது. அதன் திறமை கணக்கில் இல்லை, மனிதரின் முகத்தையும் உடலையும் கூர்ந்து நோக்கியதில் இருந்தது.

ஆயினும், விலங்குக்கு அறிவே இல்லை என்று இதனால் முடிவுகட்டிவிடல் ஆகாது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துச் சாந்தா குரூஸ் நகரில், ரியோ என்னும் பெண் கடற்சிங்கத்தை ரொனால்ட் சுஸ்டர்மன் என்னும் அறிஞர் தம் துணைவருடன் ஆராய்ந்தார். முதல் வடிவத்துக்கு இணை இரண்டாம் வடிவம் என்றும், இரண்டாவதற்கு இணை மூன்றாவது என்றும் மட்டும் அதற்குக் கற்பித்தனர். முதலாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள தொடர்பைக் கற்பிக்கவில்லை. ரியோ அதனைத் தானே உய்த்துணர்ந்தது. 1993ஆம் ஆண்டில் இச்செய்தி வெளியாயிற்று. ஒத்த வடிவங்களை இணைக்கும் பயிற்சியை அது பத்தாண்டு கழிந்த பின்னும் மறக்கவில்லை என்பதும் பின்னர்த் தெரிந்தது. மக்கள் கைதட்டும் வித்தையில் ஆழ்ந்த அறிவு இல்லை. கைதட்டுவார் இல்லாத ஆய்வுக்கூடத்திலோ அவ்வறிவு வெளிப்பட்டது. இது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

ஆகவே, கடற்சிங்கத்தின் கோடுகளைக் கண்டு ஏளனம் செய்ய எனக்கு மனம் வருவதில்லை. அதன் அறிவு வேறு வகையது. இருண்ட நீரில் மீசை மயிரால் மீனின் தடத்தை உணரும் ஆற்றல் நம்மில் யாருக்கு உண்டு? நம் எழுத்தை அது எழுத வேண்டும் என்று விரும்பியவர்கள் நாம். அது விரும்பிக் கேட்கவில்லை. திறந்த கடலில் திரிய வேண்டிய உயிரைக் குளத்தில் வைத்துக் களிக்கும் நாம், அதற்குக் கடன்பட்டவர்கள் என்பதை மறத்தல் கூடாது. நல்ல நீரும், போதிய இடமும், அன்பும் அளிப்பது அக்கடனில் ஒரு பகுதியே.

இனி, மாணவர்களுக்கு ஒரு சொல். பொருள் அறியாமல் வடிவத்தை மட்டும் எழுதுவது கடற்சிங்கத்திற்குக் குறையன்று, நமக்குக் குறை. விடைகளை மனப்பாடம் செய்து, அவற்றின் கருத்தை உணராமல், மதிப்பெண் பெறும் பொருட்டுத் தாளில் இறக்கி வைப்பவனுக்கும், மீன் பெறும் பொருட்டுக் கோடிழுக்கும் விலங்குக்கும் வேறுபாடு யாது? விலங்கு தன்னால் இயன்றதனைத்தையும் செய்துவிட்டது; மாணவனோ தன்னால் இயன்றதில் பாதியைச் செய்யாமல் விட்டான். ஆயினும் அவ்விலங்கிடம் நாம் கற்கத் தக்கதும் ஒன்று உண்டு. தூரிகையைக் கவ்விய நேரத்தில் அதன் கருத்து வேறெங்கும் செல்வதில்லை. அந்த ஒருமைப்பாட்டோடு, பொருளையும் உணர்ந்து எழுதக் கற்றுக்கொண்டால், எழுதுதல் மனிதனுக்கே உரிய தொழில் என்று கூறிப் பெருமைப்படும் தகுதி நமக்கு உண்டாகும்.