தமான் நெகாராவில் விட்டு வந்த அண்டா



கோயில் அண்டா எங்கே, பெரிய அண்டா எங்கே என்று மூன்று வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கும் அன்பர்களுக்கு இந்தப் பதிவு. அண்டா ஆற்றோடு போய்விட்டது. யாரும் எடுத்து ஒளித்து வைக்கவில்லை. எப்படிப் போனது என்று முழுதாகச் சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வருஷா வருஷம் திருவிழா முடிந்ததும் தொண்டூழியர்கள் நாங்கள் ஒரு சுற்றுலா போவது வழக்கம். எங்கே போவோம்? இன்னொரு கோயிலுக்குத்தான் போவோம். இந்த வருஷம் நம் இளைஞர்கள், "அங்கிள், எப்பப் பார்த்தாலும் கோயில்ல இருந்து கோயிலுக்கா?" என்று கேட்டுவிட்டார்கள். நியாயமான கேள்வி. தைப்பூசத்தில் தண்ணீர்ப் பந்தலில் விடிய விடிய நிற்கிற பிள்ளைகள். சரி, காட்டுக்கே போவோம் என்று மலேசிய தின விடுமுறையில் கோலா தாஹான் போக முடிவானது. தமான் நெகாராவின் வாசல் அதுதான்.

மொத்தம் 19 பேர். ஒரு வேன், மூன்று காடி. மூத்தவர் 71 வயது ஐயா, இளையவன் 14 வயதுப் பையன். இந்தப் பையனின் அப்பா எங்களோடு பல வருஷம் அன்னதானத்தில் நின்றவர், இப்போது இல்லை. அம்மாவுக்கு அன்றைக்கு வேலை. வேன் புறப்படும்போது ஓடி வந்து, "அண்ணே, உங்களை நம்பித்தான் அனுப்புறேன்" என்று சொன்னார். நாங்களும், "பயப்படாதம்மா, நாங்க இருக்கோம்ல" என்று சொன்னோம். இதை எழுதும்போது அந்த வார்த்தைதான் காதில் நிற்கிறது.

கிள்ளானிலிருந்து காராக் நெடுஞ்சாலை பிடித்து, தெமர்லோ போய், அங்கிருந்து ஜெராண்டுட். மறுநாள் புரட்டாசி பிறந்துவிடும் என்ற காரணத்தைச் சொல்லி, வழியில் பாத்தின் மீன் சாப்பிட்டவர்கள் யார் யார் என்று இங்கே எழுதவில்லை. அவர்களுக்கே தெரியும்.

ஜெராண்டுட் ஸ்டேஷனைக் கடக்கும்போது ஐயா வண்டியை நிறுத்தச் சொன்னார். அவர் பிறந்தது அந்த ரயில்வே குவாட்டர்ஸில். காடு வழியாகப் போகும் இந்தக் கிழக்குக் கரை ரயில் பாதை 1931இல் முடிந்தது. ஜப்பான்காரன் காலத்தில் இதில் ஒரு பெரிய பகுதியின் தண்டவாளத்தைப் பெயர்த்து சயாம் மரண ரயிலுக்குக் கொண்டு போனார்கள். போருக்குப் பிறகு அதைத் திரும்பப் போட்ட கூட்டத்தில் ஐயாவின் தகப்பனாரும் ஒருவர். பிள்ளைகள் போனைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். ஐயாவும் இரண்டு வார்த்தைக்கு மேல் சொல்லவில்லை. ஐந்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு ஏறிக்கொண்டார்.

கோலா தாஹான் என்பது தாஹான் ஆறு தெம்பெலிங் ஆற்றில் வந்து சேரும் இடம். கம்பம் ஒரு கரையில், தேசியப் பூங்கா எதிர்க் கரையில். நடுவில் மிதக்கும் சாப்பாட்டுக் கடைகள். எதிர்க் கரைக்குப் படகில் போனோம். பூங்கா நுழைவு அனுமதிக்கும் கேமராவுக்கும் தனித்தனியாகப் பணம் கட்டினோம். பகாங், கிளந்தான், திரங்கானு மூன்று மாநிலத்திலும் பரவிக் கிடக்கிற காடு, மொத்தம் 4,343 சதுர கிலோமீட்டர். 13 கோடி ஆண்டுப் பழமை என்று சொல்வார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் இருந்தது, சுதந்திரத்துக்குப் பிறகுதான் தமான் நெகாரா.

முதல் நாள் மரங்களுக்கு நடுவே கட்டிய தொங்கு பாலத்தில் ஏறினோம். கீழே தரை ஏறக்குறைய 40 மீட்டர் ஆழத்தில். பலகையும் கயிறும்தான். ஒருவர் நடந்தால் முன்னால் போகிறவர் ஆடுகிறார். தீமிதியில் முதல் ஆளாக இறங்குகிற நம் அண்ணன் ஒருவர் பாதிப் பாலத்தில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றுவிட்டார். பின்னால் ஜெர்மன்காரர்கள் வரிசை. திரும்பவும் முடியாது. முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே கடந்தார். அந்த வீடியோ நம் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறது.

பிறகு புக்கிட் தெரேசெக். 300 மீட்டருக்குச் சற்று மேல்தான் உயரம், மரப்படி போட்டிருக்கிறார்கள், ஆனாலும் மூச்சு வாங்கிவிட்டது. வானம் தெளிவாக இருந்தால் உச்சிக்குப் பக்கத்திலிருந்து தாஹான் மலைத்தொடர் தெரியும். தீபகற்பத்திலேயே உயரமான மலை குனோங் தாஹான், 2,187 மீட்டர். நாங்கள் போன நேரம் அந்தப் பக்கம் முழுக்கக் கருமேகம். "ச்சே, ஒண்ணும் தெரியலையே" என்று அலுத்துக்கொண்டோம். மலை மேல் மழை பெய்கிறது, அந்தத் தண்ணீர் எந்த ஆற்றில் வரும் என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை.

மறுநாள் காலை ஐந்து சின்ன மரப்படகுகளில் தாஹான் ஆற்றில் மேலே போனோம், லாத்தா பெர்கோவுக்கு. இந்தப் படகுப் பயணத்தைப் பற்றி மட்டும் ஒரு பதிவே போடலாம். தண்ணீர் தேத்தண்ணி நிறம். அழுக்கு இல்லை, காட்டின் இலை ஊறி வருகிற சாயம். அடியில் கிடக்கும் கூழாங்கல் எண்ணிப் பார்க்கிற மாதிரித் தெரிகிறது. இரண்டு கரையிலும் நெராம் மரங்கள் ஆற்றின் மேல் சாய்ந்து, மேலே கை கோத்த மாதிரி பந்தல் போட்டிருக்கின்றன. வழியில் லுபோக் தெனோர் என்று ஒரு மடு. அங்கே கெலா மீனைப் பிடிக்கக் கூடாது, பாதுகாக்கிறார்கள். தீனி போட்டால் காலைச் சுற்றி வருகின்றன. ஓரிடத்தில் தூரத்தில் ஒரு துவாலாங் மரத்தைப் படகுக்காரர் காட்டினார். கிளைக்குக் கீழே தட்டுத் தட்டாகத் தேன்கூடு. யாரும் பேசவில்லை. எங்கள் கூட்டம் 19 பேர் ஒன்றாக இருந்து சத்தமில்லாமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

லாத்தா பெர்கோ பெரிய நீர்வீழ்ச்சி இல்லை. பாறைகளுக்கு நடுவே ஆறு இறங்கி ஓடுகிற இடம், கீழே குளிக்க ஒரு மடு. நல்ல வெயில். ஒரு தட்டைப் பாறையில் அண்டாவை இறக்கி வைத்தோம். புளிசாதம், உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம். கோயில் அண்டா என்பதால் சைவம்தான். லைஃப் ஜாக்கெட்டுகளைக் கழற்றி அதே பாறையில் காயப் போட்டோம்.

இங்கே எங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களில் சிலர் தொழிற்சாலையில் சூப்பர்வைசர்கள். தினமும் ஷிஃப்ட் தொடங்கும் முன் பத்து நிமிஷம் சேஃப்டி பேசுகிறவர்கள். ஹெல்மெட் போடாத பையனுக்கு வார்னிங் லெட்டர் கொடுத்தவர்கள். அந்த நாங்கள்தான் ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னோம், குளிக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று.

சாப்பாடு பரிமாறத் தொடங்கும்போது படகுக்கார பாக்சிக் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று, "நாயிக்! செமுவா நாயிக்!" என்று கத்தினார். எல்லாரும் மேலே ஏறு என்கிறார். எங்களுக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. வானம் நீலமாக இருக்கிறது. "சாப்பிட்டு ஏறுறோம் பாக்சிக், கெஜாப்" என்று நாங்கள் சொன்னது உண்மை. கரையில் உட்கார்ந்திருந்த ஐயாதான் ஊன்றுகோலால் பாறையைத் தட்டி, "டேய், ஆத்துக்காரன் சொல்றான், ஏறுங்கடா!" என்று அதட்டினார். அந்த அதட்டலுக்குத்தான் எழுந்தோம்.

பையன்கள் மூன்று பேர் நடு ஆற்றுப் பாறையில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் இறங்கி வந்துவிட்டார்கள். சின்னவன் பாதி வந்தவன், விட்டுவிட்ட போனை எடுக்கத் திரும்பிப் போனான். அவன் போகும்போது தண்ணீர் முழங்கால். போனை எடுத்துத் திரும்பும்போது தொடைக்கு மேல். தேத்தண்ணி நிறம் போய் பால் கலந்த மைலோ மாதிரி ஆகிவிட்டது. இலை, சுள்ளி, பிறகு கை தடிமன் கிளைகள். சத்தமும் மாறிவிட்டது, தூரத்தில் லோரி வருகிற மாதிரி. பையன் பாறையைப் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தான். அவன் கத்தவே இல்லை, அண்ணே.

எங்களில் இரண்டு பேர் குதிக்கப் போனோம். பாக்சிக் நெஞ்சில் கை வைத்துத் தள்ளிவிட்டார். படகுக் கயிற்றை எடுத்து ஒரு முனையை மரத்தில் சுற்றினார். மறு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டு அவருடைய மகன் மேல்பக்கமாகப் போய் இறங்கினார். தண்ணீரே அவரைப் பையனிடம் கொண்டு சேர்த்தது. நாங்கள் கயிற்றை இழுத்தோம். தேர் இழுத்த கைகள்தான், ஆனால் அன்று கை நடுங்கியது. இரண்டு பேரும் கரை வந்தார்கள். பையனுக்கு முட்டியில் சிராய்ப்பு. போன் அவன் கையிலேயே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் சாப்பாட்டுப் பாறையைக் காணோம். அண்டா ஒரு சுற்றுச் சுற்றி நிமிர்ந்தபடியே மிதந்து போனதைப் பார்த்தோம். கூடவே நான்கு லைஃப் ஜாக்கெட்டும். அவற்றுக்குப் பணம் கட்டிவிட்டோம்.

தண்ணீர் தணிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் கரையில் உட்கார்ந்திருந்தோம். பசி. அட்டைகள் வேறு. ஒருவரும் குறை சொல்லவில்லை. பொழுது சாயும் நேரத்தில்தான் படகு இறங்கியது.

அன்று இரவு மிதக்கும் கடையில் பாக்சிக்குக்கும் மகனுக்கும் தே ஓ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துக் கேட்டோம். இதைக் கெப்பாலா ஆயர் என்கிறார்கள். தண்ணீரின் தலை. மேலே மலையில் கனமழை பெய்தால் அந்தத் தண்ணீர் ஒரே மூச்சாக இறங்கி வரும். சில சமயம் விழுந்த மரமும் குப்பையும் ஓடையை அடைத்து, அடைப்பு உடைந்ததும் மொத்தமாக வரும். நாம் நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு மழை இருக்காது. அவர் பார்த்தது என்ன? முதலில் தண்ணீர் லேசாகக் கலங்கியது. பிறகு பச்சை இலைகள் வந்தன. பழுத்த இலை எப்போதும் வரும், பச்சை இலை கொத்தாக வந்தால் மேலே எதையோ ஆறு பிய்த்துக்கொண்டு வருகிறது. பாறையில் ஒரு கோடு பார்த்து வைத்திருந்தாராம், அது மறைந்ததும் கத்தியிருக்கிறார். அப்போது செய்ய வேண்டியது ஒன்றுதான், பக்கத்தில் இருக்கும் கரையில் மேலே ஏறுவது. எதிர்க் கரைக்குக் கடக்கக் கூடாது, சாமானை எடுக்கக் கூடாது. 2014 டிசம்பர் பெருவெள்ளத்தில் இதே கோலா தாஹானில் சுற்றுப்பயணிகள் மாட்டிக்கொண்டதை நாமெல்லாம் செய்தியில் பார்த்தோம். அது பருவமழை வெள்ளம், நாள் கணக்கில் ஏறியது. இது நிமிஷக் கணக்கு.

நம் வீட்டுப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை ஆனால் உலு லங்காட், உலு யாம் என்று ஆற்றுக்குத்தான் போகிறார்கள். அங்கேயும் இதே கதைதான். அதற்காகத்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறோம்.

மூன்றாம் நாள் குவா தெலிங்கா குகைக்குப் போவதாக இருந்தது. கயிற்றைப் பிடித்துத் தவழ்ந்து போக வேண்டும், வௌவால் நிறைய இருக்கும், பிள்ளைகள் ஆசையாகக் காத்திருந்த இடம். போகவில்லை. யாருக்கும் மனம் இல்லை.

திரும்பி வரும்போது வேனில் ஒரு பேச்சு எழுந்தது. அம்மாவிடம் சொல்ல வேண்டுமா? பையன் நல்லாத்தானே இருக்கான், சொன்னால் இனி அனுப்ப மாட்டார், கோயிலுக்கும் அனுப்ப மாட்டார் என்றார்கள் சிலர். முட்டியில் விழுந்த காயம் என்று சொல்லிவிடலாம் என்றார்கள். பையனும் தலையாட்டினான். எங்களில் பாதிப் பேர் அதற்குச் சம்மதித்துவிட்டோம் என்பதையும் மறைக்காமல் எழுதுகிறோம். ஜெராண்டுட் வரை வாக்குவாதம். ஐயா வாயே திறக்கவில்லை. தெமர்லோ தாண்டியதும், "அவன் அப்பன் உயிரோட இருந்தா அவன்கிட்ட என்ன சொல்லுவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

வீட்டு வாசலில் நான்கு பேர் நின்று சொன்னோம். மேலே ஏறச் சொன்னபோது "கெஜாப்" என்று சொன்னதையும் சொன்னோம், ஜாக்கெட்டைக் கழற்றச் சொன்னதையும் சொன்னோம். அந்த அம்மா எங்களைத் திட்டவில்லை. மகன் தலையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கைக்குழந்தையைப் பார்க்கிற மாதிரி. பிறகு உள்ளே போய்விட்டார். கதவு திறந்தே இருந்தது. போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றோம். பத்து நிமிஷம் கழித்து நான்கு கிளாஸ் தேத்தண்ணியோடு வந்து, ஒன்றும் பேசாமல் தட்டை நீட்டினார்.

அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் பையன் கோயிலுக்கு வரவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை காலை மடப்பள்ளி கழுவும் நேரத்தில் அம்மாவும் அவனும் சேர்ந்து வந்தார்கள். "அண்ணே, அடுத்த டிரிப்புக்கு நானும் வர்றேன்" என்றார்.

புது அண்டாவுக்கு உபயம் செய்ய விரும்புகிறவர்கள் பொருளாளரைப் பார்க்கவும். 50 பேருக்குச் சமைக்கிற அளவு போதும்.