வாடும் வாகை

சென்ற தவக்காலத்தில் ஒரு ஞாயிறன்று, மயிலை லஸ் பிரகாச மாதா ஆலயத்தில் காலைத் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, எங்கள் அன்பியத்தைச் சேர்ந்த ஓர் இளந்தாய் எங்களை நிறுத்தினார். அருகில் பன்னிரண்டு வயது மகன். கையில் மறைக்கல்விப் புத்தகம் இருந்தது. கால்களோ தரையில் கிடந்த ஒரு கூழாங்கல்லை இங்குமங்கும் தட்டிக்கொண்டிருந்தன.

"அங்கிள், இவனை ஹாக்கி விடுதியில சேக்கலாம்னு ஸ்கூல்ல சார் சொல்றார். நீங்களும் ஆன்ட்டியும் உங்க வீட்டுலயே பாத்தவங்க. அனுப்பலாமா?"

எளிய கேள்விதான். ஆயினும் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோமேயன்றி விடை கூற இயலவில்லை. "மகனிடம் கேட்டுச் சொல்கிறோம், அம்மா" என்று கூறிவிட்டு நடந்தோம். வீடு வந்து சேரும்வரை இருவரும் பேசவில்லை.

எங்கள் மகன் ஹாக்கியில் மனத்தைப் பறிகொடுத்தது 1996 டிசம்பரில். எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கில் அவ்வாண்டு சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டிகள் நடைபெற்றன. அவனுக்கு அப்போது பதினொரு வயது. நெதர்லாந்து கோப்பையை வென்றது, பாகிஸ்தான் இரண்டாமிடம், நம் நாடு நான்காமிடம். நான்காமிடம் என்பதெல்லாம் அவனுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. நீர் தெளித்த செயற்கைப் புல்லின் மேல் பந்து வழுக்கிச் செல்லும் வேகத்தைக் கண்டு, இருக்கையின் விளிம்புக்கு வந்து அமர்ந்தவன், ஆட்டம் முடிந்த பின்னும் எழவில்லை. மறுவாரம் தியாகராய நகரில் கிறிஸ்துமஸ் உடை எடுக்கப் போனோம். சட்டை வேண்டாம், ஹாக்கி மட்டை வேண்டும் என்றான். வாங்கிக் கொடுத்தோம். ஜாலந்தரில் செய்த மல்பெரி மர மட்டை. அதன் விலை எங்களுக்கு மறந்துவிட்டது. குடிலின் அருகே அதை வைத்து மந்திரிக்கச் சொல்லிப் பங்குத் தந்தையை அவன் நச்சரித்தது மறக்கவில்லை.

ஹாக்கி மட்டைக்கு ஒரு பக்கம்தான் தட்டை, மறுபக்கம் உருண்டை. உருண்டைப் பக்கத்தால் பந்தைத் தொடுதல் குற்றம். ஆகவே இடப்புறம் வரும் பந்தைத் தடுக்க மணிக்கட்டை ஒரு கணத்தில் திருப்பி மட்டையைக் கவிழ்த்தாக வேண்டும். பந்து தரையில் கிடப்பதால், ஓடும்போதும் முதுகு வளைந்தே இருக்கும். மொட்டை மாடியில் மணிக்கணக்கில் அவன் இதைப் பழகியபோது, கீழ்வீட்டார் முறையிட்டதையும் நாங்கள் கடிந்துகொண்டதையும் இங்கே விரிப்பானேன்! விடியற்காலையில் 29சி பேருந்தேறிச் சேத்துப்பட்டு மைதானத்துக்குப் போவான். திரும்பும்போது முழங்காலில் செம்மண் இருக்கும். அது பிற்காலத்தில் தேய்மானத்துக்கு ஆளாகப் போகும் முழங்கால் என்று அன்று யார் கண்டது?

அவன் அறைச் சுவரில் தன்ராஜ் பிள்ளையின் படம் இருந்தது. தமிழ்ப் பெற்றோருக்குப் பூனாவை அடுத்த கட்கியில் பிறந்தவர். தந்தை, படைக்கலத் தொழிற்சாலை மைதானத்தின் காவலர். உடைந்த மட்டைகளையும் எறியப்பட்ட பந்துகளையும் கொண்டு சகோதரரோடு ஆடிப் பழகியவர். 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக்; அவை தவிர நான்கு உலகக் கோப்பைகள். 1998-இல் பாங்காக்கில் அவர் தலைமையில், 32 ஆண்டுகளுக்குப் பின் நம் நாடு ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றது. அதன் பின் மூத்த ஆட்டக்காரர் பலரோடு அவரும் அணியிலிருந்து நீக்கப்பட்டார்! வெற்றிக்குக் கிடைத்த பரிசைப் பாருங்கள். லண்டன், லியோன், ஸ்டுட்கார்ட், கோலாலம்பூர், டாக்கா என்று அயல்நாட்டுக் கழகங்களுக்கு ஆடிப் பொருளீட்டிய அவரைப் போன்ற தொழில்முறை ஆட்டக்காரர் நம்மிடையே மிகச் சிலரே.

மற்றையோருக்கு ஹாக்கி தொழிலன்று, தொழிலுக்கு வாயில். இதில் நம் முன்னோர் வெட்கப்பட்டதுமில்லை. 1948, 1952, 1956 ஆகிய மூன்று ஒலிம்பிக்கிலும் தங்கமும் 1960-இல் வெள்ளியும் பெற்ற ஆங்கிலோ-இந்தியரான லெஸ்லி கிளாடியஸ் கல்கத்தாச் சுங்கத் துறையில் பணியாற்றினார். நம் நகரத்திலும் இரயில்வே, பெரம்பூர் பெட்டித் தொழிற்சாலை, வங்கிகள், காவல்துறை எனப் பல அலுவலகங்கள் அணிகளை வைத்திருந்தன. பகலில் கோப்பு, மாலையில் மட்டை. 1975-இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்ற அணியின் வலக்கோடி ஆட்டக்காரர் சென்னையின் வி. ஜே. பிலிப்ஸ். 1980-இல் மாஸ்கோவில் ஸ்பெயினை 4–3 என வென்று தங்கம் பெற்ற அணியின் தலைவர், லயோலா கல்லூரியில் பயின்ற வா. பாஸ்கரன். அந்தத் தலைமுறையைக் கண்டு வளர்ந்த எங்களுக்கு ஒரு கணக்கு மனத்தில் பதிந்துவிட்டது: நன்றாக ஆடினால் வேலை, வேலை கிடைத்தால் கவலையில்லை. முப்பது வயதில் கால் தளர்ந்தாலும் அறுபது வரை சம்பளம் வரும். மகன் மட்டையைத் தூக்கிய நாளிலிருந்து நாங்கள் இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருந்தோம்.

கணக்கு மாறிப் போனதை நாங்கள் அறியவில்லை. அவன் கல்லூரியை முடித்த காலத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டில் நிரந்தரப் பணிகள் அருகிவிட்டன. 2007-இல் ஒரு நிறுவனம் அவனை அணியில் சேர்த்துக்கொண்டது; மூன்றாண்டு ஒப்பந்தம், மாதம் 8,000 ரூபாய் ஊக்கத்தொகை. ஆண்டவருக்கு நன்றி சொல்லிப் பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா ஆலயத்தில் பூசைக்குக் கொடுத்தோம். அவ்வாண்டு செப்டம்பரில் அதே எழும்பூர் அரங்கில் இந்தியா கொரியாவை 7–2 என வீழ்த்தி ஆசியக் கோப்பையை வென்றபோது, பார்வையாளர் வரிசையிலிருந்து தொண்டை கட்டிப்போய் வீடு வந்தான். ஆறே மாதத்தில், 2008 மார்ச்சில், சிலியின் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் 0–2 எனத் தோற்று, 1928-க்குப் பின் முதன்முறையாக நம் அணி ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தது. அன்றிரவு அவன் உண்ணவில்லை. "உன் வேலைக்கு ஏதும் பாதகம் வருமா?" என்றுதான் நாங்கள் கேட்டோம்.

இதை எழுதும்போது கை கூசுகிறது. அந்த மூன்றாண்டுகளில் அவன் ஆட்டம் முடிந்து வரும்போதெல்லாம் எங்கள் கேள்வி ஒன்றே: "நிரந்தரம் ஆக்குவார்களாமா?" அவன் ஆடியதை நாங்கள் மைதானத்துக்குச் சென்று பார்த்தது ஒரே ஒரு முறை.

2010-இல் பயிற்சியின்போது திரும்பிய கணத்தில் வலது முழங்காலின் உள்ளே குறுக்காக ஓடும் பிணைநார் அறுந்தது. ஆட்டக்காரர்கள் அதை 'ஏ.சி.எல்.' என்பார்கள்; அந்த மூன்றெழுத்தைச் சொன்னாலே அவர்கள் முகம் மாறும். இரண்டு வாரம் எங்களிடம் மறைத்தான். அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. மீண்டு வர ஒன்பது மாதம் ஆகும் என்றார் மருத்துவர். ஒப்பந்தத்தில் எஞ்சியிருந்ததோ நான்கு மாதம். அது புதுப்பிக்கப்படவில்லை. எவரையும் குறை கூற இதை எழுதவில்லை. எழுதியிருந்தபடியே நடந்தது, அவ்வளவே.

டொராண்டோவில் குடியேறிய எங்கள் உறவினர் ஒருவர், தம் பேரன் ஹாக்கி பழகுவதாகத் தொலைபேசியில் கூறினார். நாங்கள் மகிழ்ந்து மட்டையைப் பற்றியும் மைதானத்தைப் பற்றியும் கேட்கக் கேட்க, அவர் சறுக்குக் காலணியைப் பற்றியே பேசினார். அந்நாட்டில் ஹாக்கி என்றாலே பனித்தரை ஹாக்கிதானாம். (நமக்குப் பனிக்கட்டி என்றால் கடற்கரையில் 1842-இல் டியூடர் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான்! நம் நாட்டில் அவ்விளையாட்டு லடாக்கில் தழைக்கிறது. 2025-இல் நம் பெண்கள் ஆசியக் கோப்பையில் வெண்கலம் பெற்றனர்.) அங்கே உயர்நிலைக் கூட்டமைப்பின் ஆட்டக்காரருக்கு 2025–26 பருவத்தில் குறைந்தபட்ச ஊதியமே 7,75,000 டாலர், 1967 முதல் ஆட்டக்காரர்களுக்குத் தொழிற்சங்கம் உண்டு, ஓய்வூதியத்துக்காக முதியவர்கள் வழக்காடி வென்றதும் உண்டு. நம் நாட்டிலும் 2005 முதல் 2008 வரை பிரீமியர் ஹாக்கி லீக் நடந்தது. நம் ஊருக்கும் 'சென்னை வீரன்ஸ்' அணி இருந்தது. 2013-இல் தொடங்கிய ஹாக்கி இந்தியா லீக் 2017-உடன் நின்று, மீண்டும் உயிர்பெற்றபோது, 2024 ஏலத்தில் ஹர்மன்பிரீத் சிங் 78 இலட்சத்துக்கு எடுக்கப்பட்டார். ஏலத்தில் பெயர் வராத நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்கு இன்றும் ஒப்பந்தமும் ஊக்கத்தொகையுமே.

தூய பவுல் அடிகளார் பந்தயத் திடலையும் அங்கே சூட்டப்படும் வாடிப்போகும் முடியையும் கொரிந்து நகரத்தாருக்கு எடுத்துக்காட்டியது நாமறிந்ததே. கொரிந்துக்கு அருகில் இஸ்த்மியப் போட்டிகள் நடந்தன. வென்றவனுக்குப் பைன் இலையாலோ, வாடிய செலரிக் கீரையாலோ முடி சூட்டுவார்கள் என்று வரலாறு கூறும். சூட்டும்போதே வாடியிருக்கும் முடி! அப்பகுதி வாசிக்கப்படும் நாள்களில், அழியாத முடியைப் பற்றிய மறையுரையைக் கேட்டவாறே எங்கள் மனம் வேறெங்கோ போய்விடும். முடி வாடியபின் அந்த இளைஞன் எந்த வீட்டுக்குத் திரும்பினான்? அவன் தாய்தந்தையர் அவனை என்ன கேட்டார்கள்?

நம் குடும்பங்களில் 'அழைத்தல்' என்றால் குருத்துவமும் துறவறமும்தான். எங்கள் வீட்டிலும் இறையழைத்தலுக்காக அன்றாடம் செபித்தோம். விடியற்காலை நான்கரை மணிக்கு எவரும் எழுப்பாமலே எழுந்து, மட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பேருந்துக்கு ஓடிய பிள்ளையை எது அழைத்தது என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அவன் அழைக்கப்பட்டவனாகச் சென்றான். நாங்கள் அவனை வேலை தேடுபவனாக அனுப்பினோம்.

இப்போது அவனுக்கு நாற்பது வயது. அடையாறில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறான். மழைக்காலத்தில் முழங்கால் வலிக்கிறது; மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டுதான் இறங்குகிறான். வாரத்தில் நான்கு நாள் விடியலில் இருபது பிள்ளைகளுக்கு ஊதியமின்றி ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறான். 2021-இல் டோக்கியோவில் ஜெர்மனியை 5–4 என வென்று, 41 ஆண்டுகளுக்குப் பின் நாடு பதக்கம் பெற்ற அன்று, அவன் தனியாக அமர்ந்து அழுததை அவன் மனைவி சொல்லித்தான் அறிந்தோம்.

அந்த ஞாயிறு மாலை அவன் வந்தபோது, இளந்தாயின் கேள்வியை அவனிடம் வைத்தோம். வேண்டாம் என்பான் என்று ஒருவரும், அனுப்பச் சொல்வான் என்று ஒருவரும் எதிர்பார்த்திருந்தோம். அரியலூரைச் சேர்ந்த கார்த்தி செல்வமும் கோவில்பட்டி மாரீஸ்வரன் சக்திவேலும் 2022 ஆசியக் கோப்பை அணியில் இடம் பெற்றதையும், எளிய வீட்டுப் பிள்ளைகள் அவ்விதம் உயர முடிவதையும் சற்று நேரம் பேசினான். முழங்காலைப் பற்றிப் பேசவில்லை. பிறகு, "விடுதி இருக்கட்டும். முதல்ல நாளைக்கு அஞ்சரைக்கு மைதானத்துக்கு அனுப்பச் சொல்லுங்க. படிப்பை விடக் கூடாதுன்னும் சொல்லிடுங்க" என்றான்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, எங்களைப் பாராமல் சொன்னான்: "அவங்க அம்மாவையும் வரச் சொல்லுங்க. ஓரமா உக்காந்து பாக்கட்டும்."

மறுநாள் காலை நான்கரை மணிக்கே எங்கள் இருவருக்கும் விழிப்பு வந்துவிட்டது. ஃபிளாஸ்க்கில் காப்பியை ஊற்றிக்கொண்டு, ஆட்டோ பிடித்துப் போனோம்.