கதவு தட்டப்படும் வீட்டுப் பிள்ளைகள்

1/ போன வாரம் ராத்திரி 11:40. பாலக்கரையில எங்க வீட்டுக் கதவைப் பக்கத்துத் தெரு அக்கா ஒருத்தங்க தட்டுனாங்க. இடுப்புல ஒன்றரை வயசுப் பையன். சாயங்காலத்திலிருந்து எட்டு தடவை வயித்தால போயிருக்கு. நான் அப்பதான் டூட்டி முடிஞ்சு வந்து சோத்துல கை வெச்சிருந்தேன்.

2/ பையன் முழிப்பா இருந்தான். கண் குழி விழல. ஒண்ணுக்கும் போயிருந்தான். ஓ.ஆர்.எஸ். கரைச்சு ஸ்பூன் ஸ்பூனா கொடுக்கச் சொல்லி, கொஞ்ச நேரம் பார்த்துட்டு அனுப்பினேன். திரும்பினா என் 7 வயசு மகள் ஹால்ல நிக்கிறா. "அம்மா, நான் பெரியவளானா டாக்டர் மட்டும் ஆக மாட்டேன்." அவ்வளவுதான் சொன்னா. போய்ப் படுத்துட்டா.

3/ எனக்குத் தூக்கம் வரல. ஏறக்குறைய இதையே சொன்ன இன்னொரு பொண்ணு ஞாபகம் வந்தா. வேலூர் ஐடா ஸ்கட்டர். அவங்க கட்டின ஆஸ்பத்திரியை எல்லாருக்கும் தெரியும். அவங்க பிறந்து வளர்ந்த வீட்டைப் பத்தி நாம அவ்வளவா பேசுறதில்ல. இந்த இழை அந்த வீட்டைப் பத்தி. மத விவாதம் இன்னொரு நாள் வெச்சுக்கலாம்.

4/ ஐடாவோட தாத்தா ஜான் ஸ்கட்டர், நியூயார்க்கில் தொழில் செய்த டாக்டர். 1819-ல் மனைவி ஹாரியட்டையும் சின்ன மகளையும் கூட்டிக்கிட்டு கப்பல் ஏறினார். அந்த மகள் கல்கத்தாவைத் தாண்டவே இல்லை. அங்கேயே இறந்துபோனாள். தம்பதி இலங்கை போய்ச் சேர்ந்தார்கள். யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் வீடு. அங்கேயும் கைக்குழந்தையைப் புதைக்க வேண்டி வந்தது.

5/ ஒரு டாக்டரா இதை யோசிச்சுப் பாருங்க. அப்பாவே டாக்டர். ஆனா அவர் பெட்டியில என்ன இருந்திருக்கும்? காலராவுக்கும் பேதிக்கும் அன்றைய மருத்துவம் கொடுத்தது பாதரசம் கலந்த கேலமல், அபின் கரைசல், ரத்தத்தை வடிய விடுறது. தண்ணீர் வத்திப்போன உடம்புல இருந்து இன்னும் எடுக்கிறது! படிச்ச படிப்பு அவ்வளவுதான் சொல்லிக்கொடுத்தது.

6/ இருந்தும் அந்த வீடு நிறைஞ்சது. வளர்ந்து ஆளான மகன்களில் 7 பேர் இந்தியாவுக்கே மிஷனரியாக வந்தார்கள். மூத்தவர் ஹென்றி மார்ட்டின் பண்டத்தரிப்பில் 1822-ல் பிறந்தவர், பின்னாளில் தமிழில் புத்தகங்கள் எழுதினார். 1853-ல் அண்ணன் தம்பிகள் சேர்ந்து ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்கள். 4 தலைமுறைகளில் இந்தக் குடும்பத்திலிருந்து 40 பேருக்கு மேல் இங்கே வேலை செய்திருக்கிறார்கள்.

7/ எண்ணிக்கையைப் பார்த்து மலைக்கிறதை விட, அந்த மாதிரி மிஷன் வீடுகளில் ஒரு நாள் எப்படிப் போயிருக்கும்னு பாருங்க. காலையில் குடும்ப ஜெபம். வராண்டாவில் நோயாளிகள். உள்ளே அம்மாதான் பிள்ளைகளுக்கு டீச்சர். அதே வளவுக்குள் ஊர்ப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி. வீடு, கிளினிக், ஸ்கூல், எல்லாம் ஒண்ணு. எது முடிஞ்சு எது ஆரம்பிக்குதுன்னு பிள்ளைக்குத் தெரியாது.

8/ அந்த வளவு ஓடுனது நம்ம ஆட்களால. ஆயா, சமையல்காரர், தண்ணீர் இறைக்கிறவர். மிஷன் பிள்ளைகள் பலருக்கும் தமிழ் வந்தது ஆயா மடியிலதான். வெள்ளைக்காரப் பிள்ளையைத் தூக்கி வெச்சிருந்த அந்த அம்மாவோட சொந்தப் பிள்ளை எங்கே இருந்துச்சுன்னு யாரும் எழுதி வைக்கல. என் வீட்டுல அந்த இடத்துல இருக்கிறது என் அத்தை. அவங்க இல்லன்னா என் நைட் டூட்டி இல்ல.

9/ அடுத்ததுதான் எனக்குத் தாங்காத இடம். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்ததும் படிப்புக்காகவும், இந்த வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் பயந்தும், அமெரிக்காவுக்குக் கப்பல் ஏத்தி விடுவாங்க. மாசக்கணக்கில் பயணம். அப்புறம் வருஷக்கணக்கில் கடிதம் மட்டும். 1901-ல் கொடைக்கானலில் மிஷனரிப் பிள்ளைகளுக்காகவே ஒரு பள்ளி தொடங்கினதுக்குப் பின்னாடி இந்த வலிதான் இருக்குன்னு நினைக்கிறேன்.

10/ ஐடா, தாத்தாவின் பெயரையே கொண்ட மகன் ஜானுக்கு ஆறாவது பிள்ளை. அஞ்சு அண்ணன்களுக்கு ஒரே தங்கை. 1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தார். 1876 முதல் 78 வரை தாது வருஷப் பஞ்சம். அந்தச் சின்ன வயசில், ரொட்டியைக் கையில் வாங்கித் தின்னக்கூடத் தெம்பில்லாத குழந்தைகளுக்குப் பிட்டு ஊட்டியிருக்கிறார். இன்னைக்கு என் மகளுக்கு இருக்கிற வயசு.

11/ அப்புறம் குடும்பத்தோடு அமெரிக்கா போனார். அப்பா முதலில் இந்தியா திரும்பினார், பின்னால் அம்மாவும். பதின்வயதுப் பெண் உறவினர் வீட்டில் தங்கினாள். வீடு பிரிஞ்ச வலியை அவள் மறக்கவே இல்லை. நான் மிஷனரி ஆக மாட்டேன் என்பது அவளுடைய பிடிவாதமான முடிவு. 1890-ல் திண்டிவனத்துக்கு வந்ததுகூட அம்மாவுக்கு உடம்பு சரியில்லாததால்தான்.

12/ அந்தத் திண்டிவனம் வீட்டில்தான் ஒரே ராத்திரியில் 3 தடவை கதவு தட்டப்பட்டது. ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொரு இந்து. மூணு பேர் மனைவிக்கும் பிரசவ வலி. "அப்பா டாக்டர், அவர் வருவார்" என்றார் ஐடா. ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். விடிந்தபோது மூணு பெண்களும் உயிரோடு இல்லை.

13/ மீதி உங்களுக்குத் தெரியும். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம். 1900-ல் வேலூரில் வீட்டிலேயே ஒற்றைக் கட்டிலோடு வைத்தியம். அதே வருஷம் அப்பா இறந்தார். 1902-ல் 40 படுக்கை ஆஸ்பத்திரி. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. நான் வெள்ளைக் கோட் போட்டு நிக்கிறதுக்கு, அந்தக் கோட்டை இங்கே பெண்களுக்குச் சாதாரணமாக்கின அவங்களும் ஒரு காரணம்.

14/ இந்தக் கதையைச் சொல்றவங்க எல்லாரும் கதவு தட்டப்பட்டதோட நிறுத்திடுறாங்க. "பாரு, மாட்டேன்னவளே டாக்டர் ஆனா." எனக்கு அது போதல. திறந்தே இருந்த வீடு ஊருக்கு நல்லது செஞ்சது, உண்மை. அதுக்கான பில்லைக் கட்டினது புதைக்கப்பட்ட குழந்தைகள், கப்பலில் ஏத்தப்பட்ட பிள்ளைகள், ஹாரியட் மாதிரி அம்மாக்கள், பேர் தெரியாத ஆயாக்கள். தியாகம்னு ஒரே வார்த்தையில அதை மூடிட வேண்டாம்.

15/ என் மகளும் ஒரு நாள் மனசு மாறுவான்னு நான் எதிர்பார்க்கல. அவ சொன்னது எதிர்காலத்தைப் பத்தி இல்லைங்க. "நீ சோத்தை அப்படியே விட்டுட்டுப் போயிட்ட, நானும் காத்துக்கிட்டுதான் இருந்தேன்"னு சொல்லிருக்கா. எனக்குத்தான் புரிய ஒரு வாரம் ஆச்சு.

16/ இன்னொண்ணு. அந்தப் பையனுக்கு அன்னைக்குத் தேவைப்பட்டது என் எம்.பி.பி.எஸ். இல்ல, ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். 1971-ல் வங்கதேச அகதிகள் முகாமில், பாங்காவுனில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோஸும் கரைச்ச தண்ணியைக் குடும்பத்தார் கையிலேயே கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே வந்தது. முதல் ஸ்கட்டரிடம் இல்லாத மருந்து இன்னைக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம்.

17/ அதனால வீட்டுல 2 பாக்கெட் வைங்க. பெரிய பாக்கெட் ஒண்ணுக்கு 1 லிட்டர் தண்ணி, குறைக்காதீங்க. 24 மணி நேரத்துக்கு மேல வைக்காதீங்க. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. துத்தநாக மாத்திரையை டாக்டர் சொன்ன அளவில் 14 நாள் முழுசா கொடுங்க, பேதி நின்னாலும்.

18/ குழந்தை துவண்டு கிடந்தா, குடிக்க முடியலன்னா, கண் குழி விழுந்தா, மலத்தில் ரத்தம் வந்தா, 6 மணி நேரம் ஒண்ணுக்குப் போகலன்னா, என் கதவையும் தட்டாதீங்க. நேரா ஆஸ்பத்திரி. வண்டி இல்லன்னா 108. என் ஹால்ல டிரிப் ஸ்டாண்ட் கிடையாது.

19/ அந்தப் பையன் நல்லா இருக்கான். மறுநாள் அக்கா ஒரு சீப்பு பூவன்பழம் கொண்டுவந்து கொடுத்தாங்க. எங்க வீட்டுலயும் ஒரு புது விதி வந்திருக்கு. மகளே எழுதினா: "ஞாயிறு சாயங்காலம் அம்மாவுக்கு லீவு." வாசல் கதவுல ஒட்டலாம்னா. வேணாம்னு ஃபிரிட்ஜ்ல ஒட்டியிருக்கோம். அவசரம்னா தட்டுறவங்க தட்டட்டும். விதி எனக்குத்தான்.