போதும் என்னும் சொல்

கலியாண வீட்டுப் பந்தியில் அமர்ந்திருப்பவர் ‘போதும்’ என்று கையை மறித்தால், பரிமாறுபவர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. அது உபசாரத்திற்காகச் சொல்லும் சொல் என்பது நம்மவர் துணிபு. மறித்த கையையும் மீறி விழுகின்ற கரண்டிச் சோற்றிலேதான் அன்பு இருக்கிறது என்று நாமும் நாற்பது வயதுவரை நம்பியிருந்தோம். இப்பொழுது அந்தச் சொல்லை மெய்யாகவே சொல்லவும், பிறர் அதனை நம்பும்படி செய்யவும் கற்று வருகின்றோம். ஆறு ஆண்டுகளாகியும் பாடம் முடிந்தபாடில்லை.

2019 ஆம் ஆண்டில், கொழும்பிலுள்ள வைத்தியசாலை ஒன்றில், உடற்பருமனைக் குறைப்பதற்காக இரைப்பையில் சத்திரசிகிச்சை செய்துகொண்டோம். அப்பொழுது எமது நிறை 131 கிலோ. நீரிழிவும் இரத்த அழுத்தமும் முழங்கால் நோவும் உடன்பிறந்தார்போல் எம்மைவிட்டுப் பிரியாதிருந்தன. ஒரு பாடவேளை முழுவதும் நின்று கற்பிக்க இயலாமல் நாற்காலியைத் தேடும் ஆசிரியனை மாணவர் எங்ஙனம் நோக்குவர் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. வைத்தியர் எமது இரைப்பையில் முக்காற்பங்கிற்கு மேல் அகற்றிவிட்டு, எஞ்சியதை வாழைப்பழம் போன்றதொரு குழாயாக அமைத்தார்.

இத்துணை பருமன் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். பரம்பரையும் ஒரு காரணம். நடவாமையும் ஒரு காரணம். ஆனால் எமது வீட்டில் மூன்றாவது காரணமொன்றும் இருந்தது. 2008 ஆம் ஆண்டில் துணுக்காயை விட்டு இடம்பெயர்ந்த நாம், 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் இருந்தோம். அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் காய்ச்சிய கஞ்சிக்கு வரிசையில் நின்ற நாட்கள் அவை. கிடைத்ததை எம்மிடம் நீட்டி, “எனக்குப் போதும் ராசா, நீ குடி” என்பார் அம்மா. அது பொய்யென்று எமக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கிக் குடித்தோம்.

செட்டிகுளம் முகாமிலிருந்து 2010 இல் ஊர் திரும்பியபின், பானையின் அடி தெரியக்கூடாது என்பது அம்மாவின் விரதமாயிற்று. வவுனிக்குளத்து நீர் பாய்ந்து வயல்கள் மீண்டும் விளைந்தன. அம்மா ஆக்கினார், நாம் உண்டோம். அன்று வாங்கிக் குடித்த கடனை உண்டே தீர்ப்பதாக ஓர் எண்ணம் எமக்குள் இருந்ததோ என்னவோ!

நிற்க. சத்திரசிகிச்சைக்குப் பிந்திய முதலாண்டு தேனிலவுக் காலம் போன்றது. நிறை 85 கிலோவாகக் குறைந்தது. நீரிழிவு மாத்திரையை வைத்தியரே நிறுத்தினார். நான்காம் மாதத்தில் தலைமயிர் கொத்தாக உதிர்ந்து எம்மை அச்சுறுத்தியது. சில மாதங்களில் அது மீண்டும் முளைத்தது. மெலிவை நோயென்றே கொள்ளும் ஊராகையால், மல்லாவிச் சந்தையில் கண்டவரெல்லாம், “என்ன மாஸ்டர், ஏதும் வருத்தமோ?” என்று குரலைத் தாழ்த்திக் கேட்டனர்.

அந்த ஓராண்டு வெற்றியை எமது மனவுறுதியின் வெற்றியென்று மயங்கினோம். உண்மை வேறு. பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ என்னும் சுரப்பை யப்பானிய விஞ்ஞானிகள் 1999 இல் கண்டறிந்தனர். அது பெரும்பாலும் இரைப்பையின் மேற்பகுதியிலேயே சுரக்கின்றது. வைத்தியர் வெட்டியகற்றியதும் அப்பகுதியையே. ஆகவே பசியை நாம் வென்றுவிடவில்லை. பசி சிறிதுகாலம் ஒதுங்கி நின்றது, அவ்வளவே.

காலம் செல்ல, இழந்த நிறையை மீட்டுக்கொள்ள உடல் முயலும். கொரோனாக் காலத்தில் வீட்டிலேயே அடைந்திருந்தபோது நாம் ஓர் இரகசியத்தைக் கண்டுகொண்டோம். சோற்றையும் புட்டையும் நாலு வாய்க்கு மேல் ஏற்காத அந்தச் சிறிய இரைப்பை, சீனியிட்ட தேநீரையும் அதில் தோய்த்த பிஸ்கற்றையும் தடையின்றி உள்ளே விட்டது! மூன்றாம் ஆண்டில் நிறை 97 ஆயிற்று. வெட்கத்தால் தராசில் ஏறுவதை விட்டோம். வைத்தியரிடம் செல்வதையும் விட்டோம்.

அந்த வெட்கம் வேண்டாதது என்பதைப் பின்னரே அறிந்தோம். சுவீடன் நாட்டில் 1987 இல் தொடங்கி, 4,047 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். அவர்களுள் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களும் முதலோரிரு ஆண்டுகளில் இழந்த நிறையில் ஒரு பங்கைப் பிற்காலத்தில் திரும்பப் பெற்றனர். ஆயினும், செய்துகொள்ளாதவரிலும் பார்க்க அவர்களிடையே மரணம் குறைவாக இருந்ததென 2007 இல் அறிவிக்கப்பட்டது. சிறிது சறுக்குவது இயல்பு. சறுக்கியதை மறைப்பதே கேடு.

எமக்கு அக்கேடு 2022 இல் வந்தது. பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை; மருந்துக்கடைகளில் பல மருந்துகள் இல்லை; இருந்தவற்றின் விலையோ எட்டாத உயரம். ஆயுள் முழுவதும் உட்கொள்ள வேண்டிய விற்றமின் மாத்திரைகளை, ‘நோய்தான் இல்லையே’ என்று நிறுத்திவிட்டோம். சில மாதங்களில் பாதங்கள் மரத்தன. வெறுங்காலுடன் கோயில் வீதியைச் சுற்றும்போது மணல் சுடுவதும் தெரியவில்லை. பழைய நீரிழிவு திரும்பியதென்று அஞ்சி இரத்தத்தைச் சோதிப்பித்தபோது, குறைந்திருந்தது விற்றமின் பி 12. அதனை உடல் ஏற்பதற்கு இரைப்பைச் சுவரிலே சுரக்கும் ஒரு பொருள் வேண்டும். எமக்கோ சுவரே குறைவு. ஈரலில் சேமித்திருப்பது சில ஆண்டுகளுக்குத் தாங்குமாதலால், குறை உடனே வெளிப்படுவதில்லை. ஊசிமருந்தினால் உணர்ச்சி பெரும்பாலும் மீண்டது. இன்னுங் காலந்தாழ்த்தியிருந்தால் மீளாமலும் போயிருக்கும் என்றார் வைத்தியர்.

இன்று எமது ஒழுங்கு எளியது. முதலில் முட்டையோ, பயறோ, குளத்து விரால் மீனோ. பின்னர் கீரையும் காய்கறியும். சோறு கடைசியில், இடமிருந்தால். உண்ணும்போது தண்ணீர் அருந்துவதில்லை. அரைமணி கழித்தே அருந்துவோம். கந்தசஷ்டிக்கு முன்போல் நீரும் அருந்தாது நோன்பிருப்பதில்லை. பாலும் பழமும் கொள்கின்றோம், முருகன் கோபிக்கமாட்டான். ஆண்டுதோறும் இரத்தப் பரிசோதனை தவறுவதில்லை. தற்பொழுது நிறை 89. திருவள்ளுவர் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் மருந்தொன்றையும் பெயர் சொல்லாது, உண்ணும் அளவைப் பற்றியே மிகுதியும் பேசியதன் காரணம், அவரைப் பல்லாண்டு கற்பித்த எமக்கு இப்பொழுதுதான் விளங்குகின்றது.

இவையெல்லாம் பழகிவிட்டன. பழகாதிருந்தவர் அம்மாவே. கோப்பையில் நாம் மிச்சம் விடுவது அவருக்குச் சோற்றை அவமதிப்பதாகவே பட்டது. “அண்டைக்கு ஒரு பிடி சோத்துக்குப் பட்ட பாட்டை மறந்திட்டியோ?” என்று ஒருநாள் கேட்டுவிட்டார். அன்றிரவு நாம் உறங்கவில்லை. வைத்தியர் எமது இரைப்பையைச் சுருக்கினார். அம்மாவின் அச்சத்தைச் சுருக்கும் சத்திரசிகிச்சை எங்கே இருக்கிறது? கோப்பையை மாற்றிச் சிறு தட்டொன்றை வைத்தோம். மிச்சம் விழவில்லை, ஆனால் அவரது ஐயம் தீரவில்லை.

சென்ற மே 18 ஆம் நாள், வழக்கம்போல் சந்தியிலே முள்ளிவாய்க்கால் கஞ்சி வழங்கினர். அம்மாவும் நாமும் ஆளுக்கொரு சிரட்டை பெற்று மரநிழலில் அமர்ந்தோம். அரைச் சிரட்டையிலேயே எமக்கு வயிறு நிறைந்துவிட்டது. மீதியை அவரிடம் நீட்டி, “எனக்குப் போதும் அம்மா, நீங்கள் குடியுங்கோ” என்றோம்.

அம்மா எமது முகத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்தார். அந்தச் சொல்லை அவர் முன்னொருகால் எப்படிச் சொன்னார் என்பது அவருக்கல்லவா தெரியும்! “மெய்யாவோ ராசா?” என்றார்.

“மெய்யாக, அம்மா.”

சிரட்டையை வாங்கிக் குடித்தார். அன்றிலிருந்து எமது தட்டில் இரண்டாங் கரண்டி விழுவதில்லை.