மலை ஏறாத சைக்கிள்

போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் போகும் சாலையில் சில்லமரத்துப்பட்டி, ராசிங்கபுரம் என்று அடுத்தடுத்து வரும் ஊர்களில் ஒன்று சிலமலை. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை. அதன் மேலே கேரள எல்லையும் ஏலத்தோட்டங்களும். தென்மேற்குப் பருவமழையை அந்தப் பக்கமே இறக்கிவிட்டு, காற்றை மட்டும் இந்தப் பக்கம் அனுப்புகிற மலை அது. விடியற்காலையில் ஜீப்புகள் இந்தப் பகுதி ஊர்களிலிருந்து கூலியாட்களை ஏற்றிக்கொண்டு மேலே போகும், மாலையில் இறக்கிவிடும். மூணாறு போகிற பயணிக்குப் போடியே டீ குடிக்க நிறுத்தும் இடம்தான். சிலமலை கண்ணில் படுவதே இல்லை. உள்ளூர் வழிகாட்டி ஒருவரோடு ஒரு நாள் சைக்கிளில் இந்த ஊர்களைச் சுற்ற ஏற்பாடு செய்தால், மலை ஏறாமலேயே ஏலமலையின் பொருளாதாரம் விளங்கிவிடும் என்பது என் வாதம்.

இங்கே என்ன கைத்தொழில் இருக்கிறது என்று கேட்கலாம். பயணிகளுக்குக் காட்டவென்று பானைச் சக்கரத்தை எங்கிருந்தாவது கொண்டுவந்து வைக்க வேண்டியதில்லை. போடி வட்டாரத்துக்கு ஏலக்காயைப் போலவே இலவம்பஞ்சும் பேர் வாங்கித் தந்தது. காயை உடைத்து, விதை நீக்கி, மெத்தையும் தலையணையும் அடைக்கிறார்கள். தண்ணீரில் எளிதில் ஊறாத பஞ்சு என்பதால் ஒரு காலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு அங்கிக்குள்ளும் இதுதான் இருந்தது. ஏலக்காயோ, ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்காய் உலர்ந்து ஒரு கிலோவாகிறது. போடியில் ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையம் இருக்கிறது. 8 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்கும் காய்க்கு விலை கூடுதல். ஆனால் சல்லடைக்குப் பருமன்தான் தெரியும். நிறம் மங்கியது, வெடித்தது, பூச்சி அரித்தது எல்லாம் தரம் பிரிக்கும் பெண்களின் கண்ணுக்கும் விரலுக்கும்தான் சிக்கும். இதைக் கூலி வேலை என்பவர்கள், கைத்தொழில் என்று ஒப்புக்கொள்ளத் தயங்குவது ஏன்? திறமைக்குக் கூலி குறைவு என்பதாலேயே அது திறமை இல்லை என்றாகிவிடாது.

உழைப்பவரை வேடிக்கைப் பொருளாக்கும் ஏற்பாடு இது என்ற ஆட்சேபம் இன்னும் கனமானது. கேரளத்தின் குமரகத்தில் 2008 முதல் வளர்ந்த பொறுப்புச் சுற்றுலாவில் கயிறு திரிப்பதும் தாழம்பாய் முடைவதும் பயணிகளுக்குக் காட்டப்படுகின்றன. காட்டுகிற வீட்டாருக்கு அதற்கென வருமானம் உண்டு. இங்கும் எடைக்குக் கூலி வாங்குகிற பெண்ணின் கையை நிறுத்திப் பேச்சுக் கொடுத்தால் நட்டம் அவருக்குத்தான். ஆகவே அந்த நேரத்துக்கான பணம் முதலாளி கைக்குப் போகாமல் அவர் கைக்கே வர வேண்டும். படம் எடுப்பதும் அவர் சம்மதித்தால் மட்டுமே. இந்த இரண்டும் இல்லையென்றால் இந்தச் சுற்றுலாவே வேண்டாம்.

மலையடிவாரம் வரை வந்துவிட்டு ஏறாமல் போவதா என்பார்கள். மேலே ஏறும் போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகள் பழகாத கால்களுக்கு இல்லை. கோடைக் காட்டின் ஆபத்தை 2018 மார்ச்சில் இதே மலையின் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீ மலையேற்றக்காரர்களின் உயிரை வாங்கிக் காட்டியது. அடிவாரத்துத் தோப்புச் சாலைகளே ஒரு பகலுக்குப் போதும். 2023 ஜூனில் போடிக்கு ரயில் திரும்பிவிட்டதால் மதுரையிலிருந்து வந்து சேர்வதும் எளிது.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் பார்க்க முடியாது. ஏலக்காய் வரத்து ஆவணி முதல் தை வரை. இலவங்காய் வெடிப்பது பங்குனி, சித்திரை வெயிலில். வெயில் காலமென்றால் காலை பத்து மணிக்குள் மிதித்து முடித்து, மீதிப் பகலைப் பஞ்சுக் கொட்டகையிலும் நிழலிலும் கழிக்கலாம். ஆடியைத் தவிர்ப்பது நல்லது. தேவாரம் பக்கம் போகும்போது எதிர்க்காற்று சைக்கிளை நகரவே விடாது.