வெயிலில் ஓடிய வண்டியும் பின்னால் பாயும் வண்டியும்

அமெரிக்காவில் ஃப்ளோரிடா பக்கம் போகிறவர்கள் ஆர்லாண்டோவில் இருக்கும் டிஸ்னி வேர்ல்டை எட்டிப் பார்க்காமல் திரும்புவது அபூர்வம். அதற்குள் 'எப்காட்' என்று ஒரு பெரிய பூங்கா. 1982-ஆம் வருஷம் அக்டோபர் 1-ஆம் தேதி திறந்தார்கள். விளையாட்டோடு விளையாட்டாகக் கொஞ்சம் விஞ்ஞானமும் மண்டையில் ஏறட்டும் என்பது அவர்கள் எண்ணம். அன்றைக்கே திறந்த மண்டபங்களில் ஒன்றுதான் 'யுனிவர்ஸ் ஆஃப் எனர்ஜி'. அந்தக் கட்டடத்துக்குள் நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். 2014-இல் ஒரு முறை, 2023-இல் ஒரு முறை. கட்டடத்தின் முகப்பு என்னவோ அதேதான். உள்ளே இருந்தது மட்டும் அடியோடு மாறிவிட்டது! குழந்தை குட்டி, வயசானவர்கள் என்று குடும்பத்தோடு கிளம்பும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த மாற்றம் முக்கியமானது.

முதலில் பழைய கதை. அந்த மண்டபத்தின் கூரை ஒரு பக்கமாகச் சரிந்து, நம் ஊர் முறம் கவிழ்த்தது போல இருக்கும். அதன் மேல் சூரிய ஒளியை மின்சாரமாக்கும் சில்லுகளைப் பதித்திருந்தார்கள். ஒன்றல்ல, இரண்டல்ல, ஏறக்குறைய 80,000! உள்ளே ஓடிய வண்டிகளுக்கு வேண்டிய மின்சாரத்தில் ஒரு பகுதி இந்தக் கூரையிலிருந்தே வந்தது. 1982-இல் இது எத்தனை பெரிய அதிசயம், யோசித்துப் பாருங்கள்.

வண்டி என்றால் சின்னதில்லை. சினிமாக் கொட்டகையில் இருப்பது போல் வரிசை வரிசையாக ஆசனங்கள். ஒரு வண்டியில் தொண்ணூறு பேருக்கு மேல் உட்காரலாம். அப்படி ஆறு வண்டிகள். முதலில் எல்லோரும் உட்கார்ந்து திரையில் படம் பார்ப்போம். பிறகு திடீரென்று கொட்டகையே பிரிந்து, ஆறு துண்டாக நகர ஆரம்பித்துவிடும்! தண்டவாளம் கிடையாது. தரைக்குள் புதைத்திருந்த மெல்லிய கம்பி ஒன்றுதான் அத்தனை கனமான வண்டிக்கும் வழிகாட்டி. வண்டிகள் பேட்டரியில் ஓடின. ஒயர் எதுவும் செருகாமல், தரையிலிருந்தே பேட்டரிக்கு சார்ஜ் ஏறுமாம்.

2014-இல் என் கொழுந்தனார் டாம்பாவில் இருந்தார். அங்கேயிருந்து காரில் ஒன்றரை மணி நேரம். நான், இவர், அறுபத்தெட்டு வயசு அத்தை, ஒரு வயசுப் பையன், எல்லோருமாகப் போனோம். வெளியே ஃப்ளோரிடா வெயில் கொளுத்துகிறது. உள்ளே ஏ.சி. முக்கால் மணி நேரம் சுகமாக உட்காரலாம். உயரம் பார்ப்பதில்லை, வயசு பார்ப்பதில்லை. மடியில் குழந்தையோடு நான், பக்கத்தில் அத்தை, அடுத்தாற்போல் இவர், எல்லோரும் ஒரே வரிசையில். வண்டி ஆடி அசைந்து ஆதிகாலக் காட்டுக்குள் நுழைந்தது. இருட்டு, ஈரவாடை, கழுத்தை நீட்டிப் பார்க்கும் டைனோசர்கள்! பையன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அத்தையோ, "அம்மாடி, எவ்வளவு பெரிசு பாரு! மூச்சு விடற மாதிரியே இருக்கே!" என்று குழந்தையை விட அதிகமாக ஆச்சரியப்பட்டார்.

ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும் அல்லவா? அப்போதே அந்த மண்டபத்துக்கு வயசாகிவிட்டிருந்தது. எலன் டிஜெனரஸ் என்ற பிரபல நடிகை ஒரு வினாடி வினாப் போட்டியைக் கனவு காண்பதாக 1996-இல் புதுப்பித்த நிகழ்ச்சி அது. பெட்ரோல், நிலக்கரி, சூரிய சக்தி பற்றி அவர்கள் சொன்ன சேதியெல்லாம் பதினெட்டு வருஷத்துக்கு முந்தியது. பாதி ஆசனங்கள் காலி. எங்களுக்கு முன் வரிசையில் ஒருவர் நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்! மண்டபத்துக்கு ஆரம்பத்திலிருந்து பணம் கொடுத்து ஆதரித்த எக்ஸான் எண்ணெய்க் கம்பெனியும் 2004-இலேயே விலகிவிட்டது. கடைசியில் 2017 ஆகஸ்ட் 13-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள்.

அதற்குப் பதிலாக 2022 மே 27-ஆம் தேதி வந்ததுதான் 'காஸ்மிக் ரீவைண்ட்'. 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' என்ற விண்வெளிப் படத்தை வைத்துச் செய்த ரோலர் கோஸ்டர். பழைய மண்டபத்தின் பின்னால் பிரும்மாண்டமாக இன்னொரு கட்டடம் எழுப்பி, அதற்குள் இருட்டில் ஓடவிட்டிருக்கிறார்கள். இதில் வண்டி கிளம்பும்போது முன்னால் போகாது, சீறிக்கொண்டு பின்னால் பாயும்! ஓடும்போதே நம் ஆசனம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகத் திரும்பும். கூடவே எழுபது, எண்பதுகளின் ஆங்கிலப் பாட்டுகள் ஆறில் ஏதாவது ஒன்று முழங்கும்.

2023-இல் மறுபடி போனபோது எங்கள் வீட்டில் பாப்பாவும் சேர்ந்துவிட்டாள். நாலு வயசு. எழுபத்தேழு வயசு அத்தை ஊரிலிருந்தே அவளிடம், "உன் அண்ணன் மாதிரி உன்னையும் டைனோசர் வண்டியில கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி வைத்திருந்தார். அது இப்போது இல்லை என்று நாங்கள் சொன்னால் நம்பவில்லை. கட்டடத்தைப் பார்த்ததும், "இதுதானே அது!" என்று விறுவிறுவென நடந்தார்.

வாசலில் உயரம் பார்க்கும் கோல். 107 சென்டிமீட்டர் இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். பாப்பா 101. ஆறு சென்டிமீட்டரில் போயிற்று! அவள் அழுத அழுகை இருக்கிறதே... அத்தை ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அந்த வண்டியெல்லாம் என்ன பண்ணியிருப்பாங்க?" என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

முதலில் இவரும் பையனும் போய் வந்தார்கள். பையனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. "அம்மா, இதுக்கு மேல எதுவுமே கிடையாதும்மா!" என்று குதித்தான். "நீயும் போயிட்டு வா, பாப்பாவை நான் பாத்துக்கறேன்" என்று அத்தை என்னை அனுப்பினார். போனேன். வயிறு கலங்கியது, கத்தினேன், சிரித்தேன், இறங்கும்போது கால் தள்ளாடியது. பத்து வயசுப் பையனுக்கு அது எத்தனை சந்தோஷம் என்று புரிந்தது. பழசையே வைத்துக்கொண்டிருந்தால் அவனுக்கு அந்தச் சந்தோஷம் கிடைத்திருக்காது. ஆனால் பழைய வண்டி எங்கள் அத்தனை பேரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தது. புதியது வாசலிலேயே எங்களைப் பிரித்துவிட்டது. வேகம் கூடியதற்குக் கொடுத்த விலை அதுதான் என்று தோன்றுகிறது.

சூரிய சக்தி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அது போய்விடவில்லை. 2016-இல் எப்காட்டுக்குப் பக்கத்திலேயே 22 ஏக்கரில், மேலிருந்து பார்த்தால் மிக்கி எலியின் தலை போலத் தெரியும்படி ஒரு சூரிய மின் நிலையம் வந்தது. அது 5 மெகாவாட். 2019-இல் இன்னொன்று, 270 ஏக்கரில் 50 மெகாவாட். ஒரு காலத்தில் கூரையில் வைத்து வேடிக்கை காட்டியது, இன்று வயலில் சத்தமில்லாமல் வேலை செய்கிறது!

சகோதரிகளே, நீங்கள் போவதாக இருந்தால் சில யோசனைகள். வீட்டிலேயே குழந்தையின் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். குறைவாக இருந்தால் முன்கூட்டியே சொல்லித் தயார் செய்யுங்கள். வாசலில் வைத்து ஏமாறுவது பிஞ்சு மனசுக்குப் பெரிய அடி. கர்ப்பிணிகள், இருதயம், ரத்த அழுத்தம், கழுத்து, முதுகுத் தொந்தரவு உள்ளவர்கள் ஏறக்கூடாது. பஸ்ஸில் போனாலே தலை சுற்றும் என்பவர்களும் யோசித்து ஏறுங்கள். வயிறு முட்டச் சாப்பிட்ட கையோடு வேண்டவே வேண்டாம். சின்னக் குழந்தை இருந்தால் வாசலில் இருக்கும் ஊழியரிடம் 'ரைடர் ஸ்விட்ச்' என்று கேளுங்கள். ஒருவர் குழந்தையோடு இருக்க, மற்றவர் போய் வந்து, பிறகு மாறிக்கொள்ளலாம். மறுபடி முழு வரிசையில் கால் கடுக்க நிற்க வேண்டாம்.

எல்லோருமாகச் சேர்ந்து போக 'லிவிங் வித் த லேண்ட்' என்ற படகுச் சவாரி இருக்கிறது. கண்ணாடித் தோட்டங்களுக்குள் படகு மெதுவாகப் போகும். கொடியில் தொங்கும் காய்கறிகளைப் பார்த்துக்கொண்டே வரலாம். இதற்கு உயரக் கட்டுப்பாடு இல்லை. அங்கேதான் பாப்பாவின் அழுகை நின்றது. பாட்டி மடியில் உட்கார்ந்து காய் காயாக எண்ணிக்கொண்டு வந்தாள்.