மஞ்சள் காய்ச்சல் பிடித்த அடுப்பு!

பழவேற்காடு பாலத்தைத் தாண்டினா எங்க லைட்ஹவுஸ் குப்பம். ஒரு பக்கம் ஏரி, இன்னொரு பக்கம் கடல். ரெண்டு பக்கமும் உப்பு! சைக்கிள் செயின், ஜன்னல் கம்பி, மீட்டர் பெட்டி... எதையும் இந்தக் காத்து விட்டு வைக்காது. கேஸ் அடுப்பு மட்டும் தப்பிக்குமா என்ன?

எங்க பக்கத்து வீட்டு ஆயா இட்லி சுட்டு விக்கிறவங்க. படகு கரைக்குத் திரும்புற நேரத்துக்கு இட்லி ரெடியா இருக்கணும். லேட் ஆச்சுன்னா அன்னிக்கு வியாபாரம் அவ்வளவுதான். போன செமஸ்டர் லீவுல பார்த்தா, ஆயா வாசல்ல மூணு கல்லை வெச்சு, சவுக்கு விறகை ஊதிக்கிட்டு இருந்தாங்க. புகையில இருமல் வேற. ‘‘அடுப்பு எரியுதுப்பா, ஆனா சூடே ஏற மாட்டேங்குது. பத்து நிமிஷத்துல வேகுற இட்லி, இருவது நிமிஷமாகியும் மாவா இருக்கு’’ன்னாங்க. வந்து பார்த்த மெக்கானிக், ‘புது அடுப்பு வாங்கிடுங்க’னு சொல்லிட்டுப் போயிட்டாராம்.

கோளாறு கண்டுபிடிக்க முதல் வழி, நல்லா வேலை செய்யறதோட ஒப்பிட்டுப் பார்க்கிறதுதான். வலது பர்னரைப் பத்த வெச்சோம். நீலமா, கச்சிதமா எரிஞ்சது. இடது பர்னர்? மஞ்சளா, நீளமா, சோம்பலா ஆடுச்சு. ஆக, சிலிண்டர், ரெகுலேட்டர், டியூப் எல்லாம் நிரபராதி. குற்றவாளி இடது பக்கம்தான் ஒளிஞ்சிருக்கான்!

இங்கேதான் மேட்டர். கேஸ் மட்டும் இருந்தா தீ வராது பாஸ். ஒரு லிட்டர் பியூட்டேன் வாயு முழுசா எரிய, சுமார் 30 லிட்டர் காத்து வேணும். ஜெட்டோட சின்ன ஓட்டை வழியா கேஸ் சீறி வரும்போது, பக்கத்துல இருக்கிற காத்தையும் குழாய்க்குள்ள இழுத்துக்கிட்டுப் போகும். 1855-ல ஜெர்மனியில ராபர்ட் பன்சன் உருவாக்கின பர்னரும் இதே டெக்னிக்தான். ஸ்கூல் லேப்ல பார்த்திருப்பீங்களே, அதேதான். அந்தக் காத்து குறைஞ்சா, நீலம் போய் மஞ்சள் வரும். சூடு ஒழுங்கா ஏறாது, கரி பிடிக்கும். மூடின சமையலறையா இருந்தா, கார்பன் மோனாக்ஸைடு ஆபத்து வேற.

ஆனா, கடலோரத்துல ஒரு சிக்கல். உப்புல இருக்கிற சோடியமும் தீயை மஞ்சளாக்கும்! எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? பாத்திரத்தோட அடியைத் தடவிப் பாருங்க. கரி ஒட்டலைன்னா உப்போட வேலையா இருக்கலாம். ஒட்டினா, காத்து பத்தலை. ஆயாவோட இட்லிப் பானை அடியில என் விரல் அட்டைக் கறுப்பு!

ரெகுலேட்டரை மூடி, அடுப்பு ஆறினதும் பர்னரைத் தூக்கிட்டு, குழாய்க்குள்ள டார்ச் அடிச்சேன். பொங்கி வழிஞ்ச கஞ்சியும் துருவும் சேர்ந்து பாதிக் குழாயை அடைச்சிருந்தது. பாட்டில் கழுவுற பிரஷ்ஷால சுரண்டி எடுத்தோம். பித்தளை பர்னரைப் புளித் தண்ணியில ஊற வெச்சுத் தேய்ச்சு, ஈரம் போக வெயில்ல காய வெச்சு மாட்டினோம். நீலத் தீ!

செலவு? கொஞ்சம் புளி.

குளிர் நாடுகள்ல வீட்டையே சூடாக்க கேஸ் ஃபர்னஸ் வெச்சிருப்பாங்க. பனிக்காலத்துல அது மக்கர் பண்ணா, அங்கேயும் முதல்ல பார்க்கிற விஷயங்கள்ல ஒண்ணு, காத்து ஃபில்டர் அடைச்சிருக்கானுதான். தீ எரியுதானு பார்க்கிற சின்ன சென்ஸார்ல அழுக்குப் படிஞ்சா, கேஸ் தானாவே நின்னுடும். நம்ம ஊர் அடுப்பு பலதுல அந்தக் காவல்காரன் கிடையாது. கண்ணும் மூக்கும்தான் காவல்.

அதனால, எல்லைக் கோடு முக்கியம். ‘தீ பெருசா வரட்டும்’னு ஜெட் ஓட்டையை ஊசியால குடைஞ்சு பெருசாக்கிடாதீங்க. கேஸ் கூடும், காத்து கூடாது. கசிவைச் சோதிக்க சோப்புத் தண்ணிதான், தீக்குச்சி கூடவே கூடாது. கேஸ் வாசனை வந்தா ஸ்விட்ச்சைத் தொடாம, கதவு ஜன்னலைத் திறந்துட்டு வெளியே வந்து 1906-க்கு போன் பண்ணுங்க. எல்.பி.ஜி. காத்தை விடக் கனம், தரையோட தங்கி நிக்கும். ரெகுலேட்டரும் சிலிண்டரும் நம்ம கை வைக்கிற இடமே இல்லை. ரப்பர் டியூப்பையும் அஞ்சு வருஷத்துக்கு ஒருமுறை மாத்திடணும்.

மிச்சமெல்லாம் நம்ம ஏரியா! அடுத்த தடவை லீவுக்கு ஊருக்குப் போனா, பக்கத்து வீட்டு அடுப்புல தீ என்ன கலர்ல எரியுதுனு ஒரு தடவை எட்டிப் பாருங்க. தெர்மோடைனமிக்ஸ் புத்தகத்துல படிச்சது, ஒரு குடும்பத்தோட காலை வியாபாரத்தைக் காப்பாத்தும்னா, அந்த மார்க்கை எந்த யுனிவர்சிட்டியும் போட முடியாது!